தலைவர் இரண்டாம் தடவை கேட்கவில்லை

பிப்ரவரி 9. பிரஷர் 136/86

டாக்டரம்மா தினமும் பிரஷர் பார்த்து எழுதி வைக்கச் சொல்லிவிட்டார். கூடவே என்ன சாப்பிட்டேன், எதற்குக் கோபப்பட்டேன் என்றும் ஒரு வரி எழுத வேண்டுமாம். என் வீட்டுக்காரரைப் பார்த்திருந்தால் கோபத்துக்கு ஒரு வரி போதும் என்று சொல்லியிருக்க மாட்டார்.

எழுதுவதற்கு நோட்டுத் தேட வேண்டியதில்லை. வருடா வருடம் கட்சி டைரி மூன்று வருகிறது. ஒவ்வொரு பக்கத்திலும் மேல் மூலையில் தலைவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்குக் கீழே என் பிரஷரை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் சென்னியப்பன் கட்சியில் ஒன்றியச் செயலாளர். ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, "ஒன்றியம்" என்றுதான். என் அண்ணன் அர்த்தநாரி அதே கட்சியில் நகரச் செயலாளர், அவர் "நகரம்". மாவட்டச் செயலாளர் "மாவட்டம்". ஏதோ பூகோளப் பாடம் நடத்துகிற மாதிரி இருக்கும் இவர்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டால். நான் கலாமணி, மாவு மில் வைத்திருக்கிறேன். இரண்டு தடவை ஒன்றியக் கவுன்சிலராக இருந்தேன், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு என்பதால். அதெல்லாம் பழைய கதை.

இன்று டிவியில் அறிவிப்பு வந்தது. சட்டமன்றத் தேர்தலில் நிற்க ஆசைப்படுகிற கட்சிக்காரர்கள் விருப்ப மனு கொடுக்கலாம். மனு கொடுத்தவர்களைத் தலைவரே நேர்காணல் செய்து ஆளைப் பொறுக்குவார். வீட்டுக்காரர் பார்த்துவிட்டுக் கொட்டாவி விட்டார். "எனக்கெதுக்கு இந்த வயசுல. தலைவர் பேர்ல ஒரு மனுவப் போட்டுட்டு வந்தர்றேன்."

தலைவர் எங்கள் காரைவலசுத் தொகுதியில் நிற்க வேண்டும் என்று கேட்டு ஒரு மனு. தலைவர் முப்பது வருடமாக ஒரே தொகுதியில் நிற்கிறார். காரைவலசு எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் போட்டாக வேண்டும், போடாவிட்டால் விசுவாசம் இல்லை. தலைவர் பெயரில் மனுப் போடக் கிளம்புகிறவர் தன் போட்டோ நாலு காப்பியை எதற்குச் சட்டைப் பையில் வைத்தார் என்று நான் கேட்கவில்லை.

சாப்பாடு: கொள்ளு ரசம். கோபம்: இல்லை.

பிப்ரவரி 12. 138/88

சென்னையிலிருந்து வந்துவிட்டார். தலைவர் பேரில் மனுக் கொடுத்தாயிற்று. கையில் இன்னொரு படிவம்.

"சும்மா வாங்கிட்டு வந்தேன். எல்லாரும் வாங்குனாங்க. நீ கொஞ்சம் எழுதிக் குடு, உன்ற எழுத்துத்தான் முத்து முத்தா இருக்கும்" என்றார்.

பத்துப் பக்கம். கட்சியில் எத்தனை வருடம், எத்தனை தடவை சிறை, தொகுதியில் எத்தனை வாக்குச் சாவடி, எதில் நாம் பலம், எதில் பலவீனம். சிறை என்ற இடத்தில் அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டு "ரெண்டு" என்றார். இரண்டும் கல்யாண மண்டபத்தில் காலையில் அடைத்துச் சாயங்காலம் விட்டது. மத்தியானம் தக்காளிச் சாதம் போட்டார்கள், சரியில்லை என்று வந்து குறை சொன்னார். சரி, சிறை சிறைதான். எழுதினேன்.

சாவடி விவரம் கேட்டால் முழிக்கிறார். நானே எழுதினேன். மில்லுக்கு வராத தெரு இந்தத் தொகுதியில் இல்லை. எந்தத் தெருவில் யார் யாரோடு பேச மாட்டார்கள், எந்த ஊரில் தண்ணீர் வரவில்லை, எல்லாம் மிளகாய் அரைத்து முடிவதற்குள் சொல்லிவிடுவார்கள்.

"செய்த சாதனைகள்" என்ற இடத்தில், சீராங்காட்டு ஓடைப் பாலத்தை எழுதச் சொன்னார். அந்தப் பாலத்துக்கு நான் கவுன்சிலராக இருந்தபோது கலெக்டர் ஆபீசுக்குப் பதினோரு தடவை நடந்தேன். திறப்பு விழாவில் மைக் பிடித்தவர் இவர். எழுதினேன்.

பிப்ரவரி 13. 140/90

அண்ணன் மில்லுக்கு வந்தார், கையில் ஒரு கிலோ மல்லி. அண்ணன் வீட்டில் மல்லி அரைக்க அண்ணிதான் வருவார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. மல்லிப் பைக்கு அடியில் படிவம்.

"அம்மிணி, மாப்பிள்ளைக்குத் தெரிய வேண்டாம். நீ எழுதிக் குடு."

"ஏனுங்கண்ணா, ஊட்டுக்காரரும் போடறாருங்."

"தெரியும். அதனாலதான் தெரிய வேண்டாங்கறேன்."

உட்கார்ந்து எழுதினேன். கூடப் பிறந்தவர் கேட்டால் மாட்டேன் என்று எப்படிச் சொல்ல? அண்ணன் சிறைக்கு மூன்று தடவை போனவராம். அதே மண்டபம், அதே தக்காளிச் சாதம். சாதனை என்ற இடத்தில் அவரும் ஓடைப் பாலத்தைச் சொன்னார். ஒரு பாலத்தை இரண்டு மனுவில் எப்படி எழுதுவது? வீட்டுக்காரருக்குத் திறப்பு விழாவை வைத்துவிட்டு, அண்ணனுக்கு அடிக்கல் நாட்டு விழாவைக் கொடுத்தேன். நடுவில் பாலத்தைக் கட்ட வைத்தது யார் என்று எழுத எந்த மனுவிலும் இடம் இல்லை. எனக்கென்ன, நான் எழுதிக் கொடுக்கிறவள்தானே.

மல்லி அரைக்கும்போது கை தவறிக் கொஞ்சம் கொறகொறப்பாகிவிட்டது. அண்ணி திட்டுவார்.

பிப்ரவரி 16. 148/92

மாங்காய் ஊறுகாய் இரண்டு துண்டு அதிகம். பிரஷருக்கு அதுதான் காரணம்.

பிப்ரவரி 18. 146/92

குட்டு உடைந்தது. கட்சிப் பத்திரிகையில் மனுக் கொடுக்க வரிசையில் நிற்கிறவர்கள் போட்டோ. ஒன்றியமும் நகரமும் முன்னும் பின்னுமாக நிற்கிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி ஒருவர் கூரையையும் ஒருவர் தரையையும் பார்த்துக்கொண்டு. சேலம் தாண்டி ஒரே ஓட்டலில் சாப்பிட்டிருக்கிறார்கள், தனித்தனி மேஜையில்.

சென்னையில் வரிசையில் நின்ற அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சில்லை. எல்லாம் என் வழியாகத்தான்.

"உங்கண்ணன்கிட்டச் சொல்லு, மருந்தடிக்கற மிஷினக் குடுத்தனுப்பச் சொல்லி."

"மாப்பிள்ளைகிட்டச் சொல்லு, மிஷினு ரிப்பேருன்னு."

இரண்டு பேரும் பத்தடி தூரத்தில் நிற்கும்போதே இந்தப் பேச்சு. நான் நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம். மிஷின் ரிப்பேர் இல்லை, காலையில்தான் அண்ணன் தோட்டத்தில் ஓடுகிற சத்தம் கேட்டது.

எதிர்க்கட்சியை எதிர்த்து இவ்வளவு மும்முரமாக இரண்டு பேரும் ஒரு நாளும் வேலை செய்து நான் பார்த்ததில்லை.

பிப்ரவரி 21. 150/92

நேர்காணலுக்கு வீட்டில் ஒத்திகை. நான் தலைவர். கட்டிலில் உட்கார்ந்தேன். வீட்டுக்காரர் கும்பிட்டுக்கொண்டு உள்ளே வந்தார், நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டார்.

கேள்வியெல்லாம் ஊருக்கே தெரிந்ததுதான். தொகுதி நிலவரம் என்ன, எத்தனை ஓட்டில் ஜெயிப்பீர்கள், கடைசியாக எல்லோரையும் மாட்டி வைக்கிற கேள்வி: "உங்களுக்கு இல்லேன்னா யாருக்குக் குடுக்கலாம்?"

அதுவரைக்கும் பேசிக்கொண்டிருந்தவர் வாயை மூடிக்கொண்டார். அண்ணன் பெயரைச் சொல்லவும் மனமில்லை, சொல்லாமல் இருக்கவும் வழியில்லை. "கொஞ்சம் தண்ணி குடு" என்றார். தலைவரான நான் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்தேன்.

குடித்துவிட்டுக் கேட்டார். "நீயா இருந்தா தொகுதி நிலவரத்துக்கு என்ன சொல்லுவே?"

சொன்னேன். மேற்கே உள்ள ஒன்பது ஊரில் பவானி ஆற்றுக் குடிநீர் வரவில்லை, அங்கே போனால் குடத்தை நீட்டுவார்கள். நகரத்தில் நெசவாளர் தெருக்களில் நமக்குப் போன தடவை ஓட்டுக் குறைந்ததற்குக் காரணம் கட்சி இல்லை, நகரச் செயலாளர் யார் வீட்டுச் சாவுக்கும் போகாததுதான். பனியன் கம்பெனிப் பெண்கள் ஆறு மணிக்கு வேனில் இறங்குகிறார்கள், அந்த நேரத்துக்கு அங்கே நிற்காத வேட்பாளர் ஜெயிக்க மாட்டார். பேசிக்கொண்டே இருந்திருக்கிறேன், நிமிர்ந்து பார்த்தால் அவர் பேனாவை எடுத்து எழுதிக்கொண்டிருந்தார். "இன்னொருக்கா சொல்லு, ஒம்போது ஊரா எட்டா?"

சாயங்காலம் அண்ணன் போன் செய்தார். அவருக்கும் ஒத்திகை வேண்டுமாம். அவருக்கும் தலைவராக இருந்தேன். நெசவாளர் தெரு விஷயத்தை மட்டும் கொஞ்சம் மரியாதையாகச் சொன்னேன்.

பிப்ரவரி 25. 152/94

இன்று சென்னையில் நேர்காணல். மாவட்டம் எல்லோரையும் ஒரே வேனில் ஏற்றிவிட்டார். ஒன்றியமும் நகரமும் முன் சீட்டில் ஒன்று, பின் சீட்டில் ஒன்று. புறப்படும்போது இரண்டு பேருக்கும் நான்தான் திருநீறு பூசினேன். யாருக்கு முதலில் பூசுவது என்று ஒரு நிமிடம் கை தடுமாறியது.

ராகி இரண்டு மூட்டை. கோதுமை ஒன்று. வேறு விசேஷம் இல்லை. மூன்று தடவை பிரஷர் பார்த்தேன், மிஷின் மேல் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

பிப்ரவரி 26. 150/94

வந்துவிட்டார்கள். எப்படி நடந்தது என்று கேட்டால் "நல்லா நடந்துச்சு" என்கிறார். கடைசிக் கேள்விக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன். "பசிக்குது, தோச ஊத்து" என்றார். அண்ணனிடம் கேட்டேன், டவர் இல்லை என்று போனை வைத்துவிட்டார். எதிர்வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருந்தார்.

பிப்ரவரி 27. 156/96

மாவட்டமே போன் செய்தார். சிரித்துச் சிரித்து அவருக்குப் பேச்சு வரவில்லை.

"ஏம்மா, உங்க ஊட்டு ஆளுகள என்ன பண்றது? தலைவரு ஒன்றியத்துகிட்டக் கேட்டாரு, உங்களுக்கு இல்லேன்னா யாருன்னு. இவரு 'என்ற சம்சாரம் கலாமணிங்'கறாரு. அடுத்தாப்புல நகரம் வந்தாரு. அவருகிட்டயும் கேட்டா 'என்ற தங்கச்சி கலாமணிங்'கறாரு. ரெண்டு கலாமணியா ஒண்ணான்னு தலைவரு கேட்டாரு. நான் ஒண்ணுதானுங்கன்னேன். முப்பது வருசத்துல போட்டி போடற ரெண்டு பேர் ஒரே ஆளச் சொல்லி அவரு பாத்ததில்லையாம். 'அந்தம்மாவ வரச் சொல்லுங்க'ன்னுட்டாரு."

"நான் மனுவே போடலையேங்."

"அங்க போயி ஒரு படிவத்துல கையெழுத்துப் போட்டாப் போதும். தேதி ரெண்டு, மறந்தர வேண்டாம்."

வீட்டுக்காரரிடம் கேட்டேன். ஏன் என் பெயரைச் சொன்னீர்கள்?

"வேற யார் பேரச் சொன்னாலும் அவனுக்கே குடுத்துப்போட்டா என்ன பண்றது? உன்ற பேரச் சொன்னாப் பத்திரம்."

அண்ணனும் அதையேதான் சொன்னார். "நீ நம்ம ஊட்டு ஆளு அம்மிணி. உனக்குக் குடுக்கப் போறாங்களா என்ன? அதான் பத்திரமா..."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பத்திரமான ஆள் நான். பேங்க் லாக்கர் மாதிரி. இரண்டு பேரும் தனித்தனியாக யோசித்து ஒரே லாக்கரில் வைத்திருக்கிறார்கள். சிரித்ததில்தான் பிரஷர் ஏறியிருக்கும்.

எனக்கெதற்கு இந்த வேலையெல்லாம். போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வர வேண்டியதுதான். பச்சைப் பட்டுப் புடவையை அயர்ன் பண்ணக் கொடுத்தேன்.

மார்ச் 2. பிரஷர் பார்க்கவில்லை, மிஷின் வீட்டில்

சென்னை. கட்சித் தலைமை அலுவலகத்தில் பெரிய ஏசி ஹால். ஒன்றியமும் நகரமும் காவலுக்கு வந்த மாதிரி கூட வந்தார்கள், உள்ளே விடவில்லை.

தலைவர் டைரியில் இருப்பதைவிடக் கொஞ்சம் கறுப்பு, கொஞ்சம் களைப்பு. பக்கத்தில் மூன்று பேர். காலில் விழ வேண்டாம் என்று கையைக் காட்டினார், நான் விழப் போகவும் இல்லை, முழங்கால் வலி.

"காரைவலசுல என்னம்மா நிலவரம்?"

சொன்னேன். ஒன்பது ஊரும் குடமும், நெசவாளர் தெரு, பனியன் கம்பெனி வேன், ஓடைப் பாலம் வந்த பிறகு எந்த இரண்டு ஊர் கொண்டான் கொடுத்தான் ஆயிற்று, அதனால் எந்தச் சாவடியில் ஓட்டு மாறும் என்று எல்லாம் சொன்னேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தலைவர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டார். பக்கத்திலிருந்தவர் ஏதோ காகிதத்தை நீட்ட வந்தார், அவரைக் கையால் நிறுத்தினார். இவ்வளவு நேரம் ஒரு ஆண்பிள்ளை என் பேச்சை நடுவில் வெட்டாமல் கேட்டது எனக்கு நினைவே இல்லை.

முடித்ததும் சொன்னார். "நல்லாச் சொன்னீங்கம்மா. அப்ப நீங்களே நிக்கறீங்களா?"

"ஐயோ, எனக்கெதுக்குங்! அவிக ரெண்டு பேர்ல யாருக்காச்சும் குடுங்."

தலைவர் தலையை ஆட்டினார். "சரிம்மா. நன்றி." பக்கத்திலிருந்தவர் என்னமோ எழுதிக்கொண்டார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்கள்.

நான் உடனே எழுந்திருக்கவில்லை. இன்னும் ஏதாவது கேட்பார் என்று இருந்தேன். ஒரு பெண் வந்து "அம்மா, வழி இந்தப் பக்கம்" என்றாள்.

நல்லதாகப் போயிற்று. பெரிய பாரம் இறங்கியது. வெளியே இரண்டு பேரும் ஓடி வந்து என்ன சொன்னே என்ன சொன்னே என்று கேட்டார்கள். சொன்னேன். இரண்டு பேர் முகமும் மலர்ந்துவிட்டது, பதினைந்து நாளுக்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எனக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தார்கள்.

மார்ச் 3. 164/100

பயண அலுப்பு.

மார்ச் 4. 168/100

முத்தாயி கொண்டுவந்த மல்லியை மிளகாய் அரைத்த மிஷினில் போட்டுவிட்டேன். முப்பது வருடத்தில் செய்யாத தப்பு. முத்தாயி மூக்கைப் பிடித்துக்கொண்டு தும்மினாள், "மில்லக்கா, ஒடம்பு சொகமில்லீங்களா?" என்றாள். டாக்டரம்மா மாத்திரையை இரண்டாக்கிவிட்டார். "எதாவது மனசுல வெச்சிருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன்.

டைரியிடம் எதற்குப் பொய். எழுதிவிடுகிறேன்.

விருந்தில் இலைக்கு மேல் கையை விரித்துப் "போதுங், போதுங்" என்போம். போதும் என்பதற்காகவா சொல்கிறோம்? பரிமாறுகிறவர் "அட, ஒரே ஒரு கரண்டிங்" என்று இன்னொரு தடவை சொல்ல வேண்டும். அப்போதுதான் கையை எடுப்போம். முதல் தடவையே வாங்கிக்கொண்டால் இவள் என்ன இப்படி அலைகிறாள் என்பார்கள். தலைவர் என்னிடம் கேட்டார். நான் கையை விரித்தேன். அவர் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போய்விட்டார்.

எனக்கு வேண்டும். எம்.எல்.ஏ. சீட்டு எனக்கு வேண்டும். வீட்டுக்காரருக்காக இல்லை, அண்ணனுக்காக இல்லை. இருபது வருடமாக வேண்டும். படிவம் எழுதும்போது ஒவ்வொரு பக்கத்திலும் பெயர் எழுதுகிற இடத்தில் என் கை நின்று நின்று போயிற்று. இதை எழுதக்கூடக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், வெட்கக்கேடு.

மார்ச் 5. 166/98

வீட்டுக்காரரிடம் மெல்லக் கேட்டேன். "ஏனுங் மாமா, நான் நின்னா என்னுங்?"

"நீதான வேண்டான்னுட்டு வந்தே."

"ஒருக்காத்தானுங் கேட்டாரு. ரெண்டாவது தடவ கேக்கவே இல்ல."

சோற்றைப் பிசைந்த கை நின்றது. சிரித்துவிட்டார், புரையேறுகிற அளவுக்கு. "தலைவரு என்ன கல்யாணத்துல பாயசம் ஊத்தறாரா, ரெண்டு தரம் கேக்கறதுக்கு?"

கெட்ட மனுஷர் இல்லை. சிரித்த பிறகு என் இலையில் அப்பளம் வைத்தார். நான் கேட்டதைக் கேலி என்று நினைத்துக்கொண்டார், அவ்வளவுதான்.

மார்ச் 7. 158/94

மாவட்டம் நாளைக்குப் பட்டியலோடு சென்னை போகிறார் என்று செய்தி. வீட்டுக்காரர் உரக்கடைக்குப் போகிறேன் என்று கிளம்பினார். அண்ணன் பல் டாக்டரிடம் போகிறாராம். நான் மில்லைப் பூட்டினேன். சனிக்கிழமையில் மில்லைப் பூட்டியது என் மாமியார் செத்த அன்றைக்கு மட்டும்தான். பஸ் ஏறினேன்.

மாவட்டத்தின் வீட்டு வாசலில் எங்கள் வெள்ளைக் கார் நின்றது. பக்கத்தில் அண்ணனின் புல்லட். உரக்கடையும் பல் டாக்டரும் ஒரே சோபாவில் இரண்டு முனையில் உட்கார்ந்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்துவிட்டார்கள்.

மாவட்டம் சிரித்தார். "வாங்கம்மா, இப்பத்தான் ரெண்டு பேரையும் விசாரிச்சேன். நீங்க யாருக்குச் சிபாரிசு?"

"எனக்குங்."

காப்பி கொண்டுவந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

"அன்னைக்குத் தலைவர் கேட்டப்ப வேண்டான்னீங்களாமே?"

"அன்னைக்கு வெக்கப்பட்டுட்டனுங். சீட்டு எனக்கு வேணுங். சாவடி சாவடியாச் சொல்லீட்டு வந்திருக்கறேன், தலைவரு முழுசாக் கேட்டாரு. எனக்குக் குடுத்தா ஜெயிப்பனுங்."

குரல் நடுங்கவில்லை, அது ஆச்சரியம்தான். மாவட்டம் அவர்கள் பக்கம் கையைக் காட்டினார். "அப்ப இவங்க ரெண்டு பேரு?"

"அவிகளுக்கு இல்லேன்னா எனக்குக் குடுக்கச் சொல்லி அவிகளே தலைவர்கிட்டச் சொல்லீருக்காங்களேங். நெசமாச் சொன்னாங்களா, சும்மா சொன்னாங்களான்னு நீங்களே கேளுங்."

மாவட்டத்துக்கு முகத்தில் குறும்பு வந்துவிட்டது. "ஏப்பா ஒன்றியம், தலைவர்கிட்டயே பொய் சொன்னியா?"

வீட்டுக்காரர் மேலே பார்த்தார், அங்கே தலைவர் படம் மாட்டியிருந்தது. "தலைவர்கிட்டப் பொய் சொல்லுவனுங்களா? நெசமாத்தானுங் சொன்னேன்."

"நகரம்?"

அண்ணனும் அதே படத்தைப் பார்த்தார். "நெசந்தானுங்."

"ரைட்டு. மூணாவது பேரா எழுதிக்கறேன். மொதப் பேரான்னு தலைவரு முடிவு பண்ணட்டும்" என்று மாவட்டம் எழுதினார். என் பெயரை இன்னொருவர் எழுதுவதை நான் பார்த்தேன்.

திரும்பி வரும்போது காரில் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணன் புல்லட் பின்னாலேயே வந்தது. பாதி வழியில் வீட்டுக்காரர், "பஸ்சுலயா வந்தே?" என்றார்.

மார்ச் 12. 150/90

மத்தியானம் இரண்டு மணி. எல்லோரும் எங்கள் வீட்டு டிவி முன்னால். அண்ணனும் அண்ணியும் வந்துவிட்டார்கள். முதலில் கூட்டணிக் கட்சிகளுக்கு விட்டுக்கொடுத்த தொகுதிகளை வாசித்தார்கள். ஏழாவதாகக் காரைவலசு.

முடிந்தது. ஒன்றியமும் இல்லை, நகரமும் இல்லை, நானும் இல்லை. ஏதோ ஒரு கூட்டணிக் கட்சிக்குப் போய்விட்டது.

இரண்டு ஆண்களும் பெருமூச்சு விட்டார்கள். அடுத்தவருக்குக் கிடைக்கவில்லை என்பதில் ஒரு நிம்மதி, தெரியாமலா போகும்! "மச்சான், மோர் குடிக்கறீங்களா?" என்றார் வீட்டுக்காரர். "குடுங் மாப்பிள்ளை" என்றார் அண்ணன்.

நான் அழுதுவிட்டேன். உள்ளே போய் அழவில்லை, அங்கேயே, டிவி முன்னால், அத்தனை பேர் பார்க்க அழுதேன்.

அண்ணன் பதறிப்போய்விட்டார். "போகுது உடு அம்மிணி. மூணு பேருக்குமே இல்ல, சமமாப் போச்சு."

"சமமில்லீங்கண்ணா. நீங்க ரெண்டு பேரும் ஒவ்வொரு தேர்தலுக்கும் ஆசப்படுவீங்க, அடுத்ததுக்கும் படுவீங்க. நான் இத்தன வயசுக்கு ஒரே ஒருக்காத்தான் எனக்கு வேணும்னு வாயத் தொறந்து கேட்டேன்."

வீட்டுக்காரர் மோர்ச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நீ நெசமாலுமே ஆசப்பட்டியா?" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருடத்தில் இந்தக் கேள்வியை இன்றுதான் கேட்கிறார்.

ஆமாம் என்றேன்.

டிவியை நிறுத்தினார். அப்புறம் என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், வேட்டி கசங்கும் என்று எப்போதும் தரையில் உட்காராதவர்.

மார்ச் 14

கூட்டணி வேட்பாளர் வந்தார். நாகரத்தினம் என்று ஒரு வக்கீல், வெளியூர், நல்ல பையன் மாதிரிதான் இருக்கிறார். கூட நாலு கார், முப்பது ஆள். ஒன்றியத்துக்கு ஒரு சால்வை, நகரத்துக்கு ஒரு சால்வை. நான் காப்பித் தட்டோடு நின்றேன், எனக்குச் சால்வை இல்லை, யார் என்று தெரிந்தால்தானே.

"அண்ணே, பிரச்சாரத்த எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டார்.

வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். மைக் பிடிக்கும்போது வருகிற அதே முகம் வந்தது. அப்புறம் மூடிக்கொண்டார். தோளிலிருந்த சால்வையை எடுத்து மடித்தார்.

"என்னையக் கேக்காதீங் தம்பி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் இந்தம்மா சொல்லிக் குடுத்ததுதான். அவிகளக் கேளுங்."

முப்பது பேருக்கு முன்னால் சொன்னார். சொல்லிவிட்டு என் கையிலிருந்து காப்பித் தட்டை வாங்கிக்கொண்டார்.

நாற்காலியில் உட்கார்ந்து சொன்னேன். மேற்கே ஒன்பது ஊருக்கு முதலில் போக வேண்டும், குடத்தை நீட்டினால் ஓடக் கூடாது, கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ஆறு மணிக்கு வேன் நிற்கிற இடத்தில் மாலை போடாமல், கொடி இல்லாமல் தனியாக நிற்க வேண்டும். வக்கீல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். அண்ணன் நெசவாளர் தெருவுக்குத் தானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார், கேட்காமலே.

புறப்படும்போது வக்கீல் கும்பிட்டார். "ரொம்ப நன்றிங்கக்கா. நான் ஜெயிச்சு வந்தா உங்களுக்கு என்ன செய்யணும், சொல்லுங்க."

இதற்கு என்ன பதில் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கொண்ணும் வேண்டாம் தம்பி, ஊருக்கு ஏதாச்சும் நல்லது செய்யுங்கள் என்று சொல்ல வேண்டும். கைதட்டுவதற்கு இரண்டு பேர் தயாராகக்கூட இருந்தார்கள்.

"அடுத்த தடவ இந்தத் தொகுதிய உங்க கட்சி கேக்கக் கூடாதுங். அது எனக்கு வேணும்."

வக்கீல் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திக்கொண்டு எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார்.

அண்ணன் உள்ளே போய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தார். "வக்கீலுங்களே, எழுதிக் குடுத்துட்டுப் போங்" என்றார்.